துணைக்கு வந்தவன்

துறைமுக வாசலில் டிரெய்லரோடு வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடத்து, உயிரே போய்விடும்போல இருந்தது. இசிஜி மூன்று முறையும் ஒழுங்காகவே வந்ததால், மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் துணைக்கு வருபவர்தான் டாக்டரிடம் பேசுவார். நோயாளி தலையாட்டினால் போதும். எனக்குத் துணை, என்னைப் போலவே டிரெய்லர் ஓட்டும் தோஸ்து. "இன்னா மாமு, லூசாயிட்டியா?" என்று வழியெல்லாம் கழுத்தறுத்தான்.

"ரெண்டு வாரமா தூக்கம் எப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"எங்க மேடம், நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது" என்றான் அவன். நான் குறட்டை விட்டுத் தூங்குகிறவன்.

"சாப்பாடு?"

"வாய்ல வெச்சா மண்ணு மாரி கீது." முந்தின நாள்தான் நான் இரண்டு பிளேட் பிரியாணி தின்றிருந்தேன்.

"எதிலயாவது சந்தோஷம்?"

அவன் வாயைத் திறந்தான்; கண் கலங்கியது. டாக்டரம்மா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். எனக்கு வந்ததே கோபம்! டோக்கன் எடுத்தது நான்.

எனக்குப் பதற்ற நோய். மூச்சுப் பயிற்சி, பேச்சு, மாத்திரை என்று ஒரு வருடத்தில் சரியானது. அவனுக்கு மனச்சோர்வு, மாத்திரை இன்னும் ஓடுகிறது. மாதாமாதம் சேர்ந்தே போகிறோம். தெருவில் யாராவது கேட்டால், "இந்த லூச டாக்டராண்ட இட்டுகினு போறேன்" என்று என்னைக் காட்டுகிறான்.

நான் தலையாட்டுகிறேன்.