ஒரே சாட்சியை மூன்று பேர் சொன்ன ஞாயிறு

செஞ்சி கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எங்கள் சபையில், ஞானஸ்நானம் எடுக்கப்போகும் பெரியவர்களுக்கான சீஷத்துவ வகுப்பு எடுப்பேன். புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர்கள், "அண்ணே, முதல்ல எதைக் கத்துக்கணும்?" என்று கேட்பார்கள். ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் எது, எக்கோ எது என்று கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

1. வகுப்பும் என் கண்டிப்பும்

வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சிலருக்கு வாசிக்க வராது. அதனால் பாடத்தை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவேன். வாரம் ஒரு வசனம் மனப்பாடம். ஒரு வார்த்தை மாறினாலும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

"அர்த்தம் ஒண்ணுதானே அண்ணே, உட்டுடுங்களேன்" என்று டெய்லர் சாம்சன் கெஞ்சுவார்.

"அர்த்தத்த அப்புறம் பாத்துக்கலாம், வார்த்தையச் சொல்லு" என்பேன். பள்ளிக்கூடத்தில் என்னை இப்படி யாராவது கேட்டிருந்தால் அன்றே ஊரைவிட்டு ஓடியிருப்பேன்.

பாடங்கள் முடிந்ததும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி, அதாவது கடவுள் தன் வாழ்க்கையை மாற்றிய கதையைச் சொல்ல வேண்டும், அதன்பிறகே ஞானஸ்நானம் என்பது எங்கள் சபை வழக்கம். அந்த முறை மூன்று பேர். டெய்லர் சாம்சன், பஸ் டெப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன தர்மராஜ் அண்ணன், பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, விற்கும் தனம் அக்கா.

கடைசி வகுப்புக்குத் தனம் அக்கா வாடிய முகத்தோடு வந்தார். "ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்காரரும் வர்றாராம் தம்பி. அங்க இன்னாதான் சொல்லிக் குடுக்குறாங்கன்னு பாக்குறேன், சரியில்லன்னா இத்தோட நிறுத்திக்கன்னு சொல்லிட்டாரு."

வீட்டுக்காரர் ஏழுமலை மினி லாரி ஓட்டுகிறவர். சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்.

"வரட்டும்க்கா. அசந்துபூடுவாரு" என்றேன்.

சாட்சி எப்படிச் சொல்வது என்று மூவருக்கும் நடுக்கம். மாதிரிக்கு ஒன்றைப் பேசி அனுப்பினேன். குடிகாரன் ஒருவன் மனம் திரும்பும் கதை, முழுக்கக் கற்பனை. அழுகை வரும் இடத்தில் நானே கொஞ்சம் அழுதும் வைத்தேன். கடைசியில், "இந்த மாதிரி சொல்லுங்க" என்றேன். ஒரு வார்த்தை மாறக்கூடாது என்று மாதக்கணக்கில் பழக்கிய வாயால் இதைச் சொல்கிறோமே என்று தோன்றவில்லை.

2. ஆராதனை

முதலில் தர்மராஜ் அண்ணன் மைக் பிடித்தார். "நான் ஒரு காலத்தில் பெரிய குடிகாரனாக இருந்தேன். என்னைக் கண்டால் தெருநாய்கூட ஒதுங்கிப்போகும்."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

அவர் டீகூடக் குடிக்காதவர். நமக்குத் தெரியாத பழைய வாழ்க்கை இருந்திருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்து சாம்சன். அதே குடிகாரன், அதே தெருநாய், நான் அழுத அதே இடத்தில் அழுகை. இந்த முறை பாதிப் பேர்தான் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பாஸ்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டை உச்சியில் ஏறி ஒளிந்துகொள்ளலாமா என்று யோசித்தேன். என் முழங்காலை நினைத்துக் கைவிட்டேன்.

மூன்றாவது தனம் அக்கா. மைக்கை அணைத்துவிடலாம் என்று ஆம்ப்ளிஃபயருக்குப் பாய்ந்து, கைக்குக் கிடைத்ததைத் திருகினேன். அது எக்கோ.

"நான் ஒரு காலத்தில் பெரிய குடிகாரனாக... காரனாக... னாக..."

கடைசி வரிசையிலிருந்து ஏழுமலை எழுந்தார். "யோவ், நிறுத்துங்கய்யா! இவ எப்பய்யா குடிச்சா? எங்க வூட்ல குடிக்கிறது நானு!"

அக்கா கையிலிருந்த மைக் அதையும் பிடித்து எக்கோவில், "நானு... நானு..." என்றது. தனம் அக்காவின் ஞானஸ்நானம் என்னால் போயிற்று என்று நான் மூலையில் வியர்த்துக்கொண்டு நின்றேன்.

தனம் அக்கா மைக்கை விடவில்லை. "இருய்யா, உக்காரு. இது தம்பி சொல்லிக் குடுத்தது. இனிமே நானே சொல்றேன்" என்றார். நான் அவசரமாக எக்கோவைக் குறைத்தேன்.

"படியில மல்லாட்ட அளக்கச்சொல்ல கட்டவெரல உள்ள உட்டு அளப்பேன். வகுப்புக்கு வந்தப்புறம் வெரல வெளிய எடுத்துட்டேன். ஏவாரம் எங்கிட்ட வந்துடுச்சின்னு பக்கத்துக் கடக்காரி எங்கூடப் பேச்ச நிறுத்திட்டா. அப்புறம் எங்க மாமியா. ரொம்ப வருசமா நானும் அவங்களும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. மன்னிக்கிறதப் பத்திப் பாடம் எடுத்தாங்க. அன்னிக்கி எனக்குச் சோறு எறங்கல. மறுநாளு கூழு கரச்சி எடுத்துக்கினு போனேன். கதவத் தெறக்கல. வாசல்ல வெச்சிட்டு வந்துட்டேன். தெனமும் வெச்சேன். ஒருநாளு கதவு தெறந்துச்சி. 'உப்பு பத்தலடி'ன்னாங்க. இதான் என் சாட்சி."

அன்று எழுந்த ஸ்தோத்திரத்துக்கு மைக்கே தேவைப்படவில்லை.

ஏழுமலை இன்னும் நின்றுகொண்டிருந்தார். "எங்கம்மாவுக்குக் கூழு குடுத்தது இதனாலயா? இவ ஏதோ காரியத்துக்குத்தான் பண்றான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"கேட்டாத்தானே சொல்லுவேன்" என்றார் அக்கா. சபையே சிரித்தது.

தர்மராஜ் அண்ணன் கை தூக்கினார். "பாஸ்டர், எனக்கு இன்னொரு தபா மைக் வேணும். என்னோடது வேற இருக்குது."

"எனக்கும்" என்றார் சாம்சன்.

இரண்டு பேரும் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஆராதனை இழுத்துக்கொண்டே போனது. வீட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே செருப்பு மாட்டும்போது ஏழுமலை என்னிடம் வந்தார். அடி விழும் என்று இரண்டடி பின்னால் போனேன்.

"சனிக்கெழம வகுப்பு எத்தினி மணிக்கி?"

"ஆறு மணிக்கு. அக்காவ மறுபடியும் அனுப்புறீங்களாண்ணே?"

"அவளுக்குத்தான் தெரியுமே. நான் எனக்குக் கேக்குறேன்."

அடுத்த மாதம் ஏரியில் ஞானஸ்நானம் நடந்தபோது அக்காவுக்காகத் துண்டோடு கரையில் நின்றவர் அவர்தான்.

வகுப்பெடுக்க வருகிறவர்களுக்கு ஆம்ப்ளிஃபயருக்கு அடுத்து நான் சொல்வது இதுதான். வசனம் மனப்பாடமாக வேண்டும், சரி. அதோடு நிறுத்திவிடாதீர்கள். "இந்த வாரம் வீட்ல என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். அதுவரை நம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் இன்றுவரை கஷ்டமான பாடம்.