டோரதி டீச்சர் பேசிய கொரியன்

சாந்தோமில் டோரதி டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. பங்குப் பள்ளியில் வருஷக்கணக்காக மூன்றாம் வகுப்பு எடுக்கிறவர். கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்க அவர் எழுந்தால் மைக் தேவைப்படாது. ஆனால் டீச்சருக்குக் கொரிய மொழி தெரியும் என்ற விஷயம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள்ளேயோ அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

எல்லாம் கால் உடைந்ததில் ஆரம்பித்தது. பள்ளி மாடிப்படியில் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டோடு படுத்த படுக்கையாகக் கிடந்தார் டீச்சர். மகள் ஜெசிகா தன் டேப்லெட்டைக் கையில் கொடுத்து, "போரடிச்சா பாரு மம்மி" என்று ஒரு கொரியத் தொடரைப் போட்டுவிட்டுத் தரமணி ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள். பட்டும் கிரீடமுமாக ராஜா, அவர் முன்னால் நெற்றி தரையில் பட விழும் மந்திரிகள், விஷம் வைக்கிற சித்தி, கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்கிற தாதி. டீச்சர் சொக்கிப்போனார். கட்டைப் பிரித்த பிறகும் விடவில்லை, ஒன்று முடிந்தால் அடுத்தது. அதுவும் ராஜா ராணி கதை மட்டும்தான். இந்தக் காலத்துக் கதை ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எப்பப் பாரு குடிச்சிட்டு அழுவுதுங்க" என்று ஒதுக்கிவிட்டார்.

பார்க்கப் பார்க்க வார்த்தைகள் நாக்கில் ஒட்டிக்கொண்டன. திரையில் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்தை வைத்துப் பொருளைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் தோசை வார்க்கும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். எந்த வார்த்தைக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்பதுகூட அத்துப்படி. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணவர் ஆம்ப்ரோஸுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"இன்னா டோரதி, ரசத்துக்கு மந்திரம் போடறியா?"

"கொரியன்ங்க."

"கொரியனாவது ஒண்ணாவது. அது பாஷையே இல்ல, சும்மா சவுண்டு. நெசக் கொரியாக்காரங்க யாராச்சும் உனக்கு ஒரு வார்த்த பதில் சொல்லட்டும், அப்ப ஒத்துக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டீச்சருக்கோ சுருக்கென்றது. காரணம், அதே சந்தேகம் அவருக்கும் உண்டு. இத்தனை காலமும் தான் வாயில் போட்டு உருட்டியது நிஜமாகவே பாஷைதானா, அல்லது பச்சைக்கிளி ஒப்பிப்பதுபோல வெறும் ஒலியா? ஒரே ஒரு கொரியர், ஒரே ஒரு தடவை, தான் சொல்வதைப் புரிந்துகொண்டால் போதும். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டாம்.

அதனால்தான் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று ஜெசிகா கேட்டபோது, புடவை கேட்காமல் கொரியன் ஓட்டல் கேட்டார். பிறந்தநாளோ தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. சுத்தபோசன நாள், கறி தொடக்கூடாது. ஜெசிகாவுக்குத் தெரிந்த கொரியன் ஓட்டல்களோ மேஜையிலேயே அடுப்பு வைத்துக் கறி வாட்டுகிற இடங்கள். தேடித் துருவி, அடையாறில் கொரியச் சாப்பாடும் ஜப்பான் சாப்பாடும் சேர்த்துப் போடும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள்.

"சுஷி சாப்பிடலாம் மம்மி. மீனுக்குத் தடையில்லல்ல? ஓனரம்மா கூட கொரியாவாம்."

டீச்சர் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. பள்ளிக்கு லீவு போட்டார். கிறிஸ்துமஸுக்கு எடுத்த மெரூன் பட்டைக் கட்டிக்கொண்டார். சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதால் மதியச் சாப்பாடு என்று முடிவாயிற்று. ஆட்டோ திரு.வி.க. பாலம் ஏறும்போதும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"மம்மி, ப்ளீஸ்," என்றாள் ஜெசிகா. "அங்க வந்து எதுவும் பேசிடாத. என் ஆபீஸ்காரங்கல்லாம் வர்ற எடம்."

"நான் எதுக்குப் பேசப் போறேன்?" என்றார் டீச்சர். உதடு மறுபடி அசைய ஆரம்பித்தது.

கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு ஒரு இளம்பெண் சிரித்தாள். சின்னக் கண்கள், வழவழவென்ற முடி. டீச்சருக்கு அவ்வளவுதான், மகளுக்குக் கொடுத்த வாக்கு காற்றோடு போயிற்று. இடுப்பை மடித்துக் குனிந்து, அரண்மனைக்குள் வருகிறவர்கள் சொல்லும் நல விசாரிப்பை ஒரு மூச்சில் சொல்லி முடித்தார்.

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். "ஆன்ட்டி, நான் கொரியா இல்ல, மணிப்பூர். பேரு லின்தோய். இங்கதான் பெசன்ட் நகர்ல கீறேன்."

ஆம்ப்ரோஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தியா டோரதி? கொரியாவுல 'கீறேன்'னுதான் சொல்றாங்க!"

ஜெசிகா முகத்தைப் பையால் மறைத்துக்கொண்டாள். லின்தோய் மட்டும் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க ஊர்லயும் கொரியன் டிராமா பாப்போம் ஆன்ட்டி. ஆனா நீங்க சொன்னது..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் வேறு மேஜையில் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

டீச்சர் உட்கார்ந்த பிறகுதான் கல்லாவைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்தார் ஓனரம்மா, நிஜக் கொரியர். தன் வயதுதான் இருக்கும். கத்தரித்த முடி, வெண்ணெய் நிறத்தில் கவுன். வாசலில் வாங்கிய அடியோடு மறுபடி எழுந்து போக மனசு வரவில்லை.

சாப்பாடு வர ஆரம்பித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. முதலில் குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள ஏதேதோ வைத்தார்கள். டீச்சர் கூவியே விட்டார். "இதாங்க கிம்ச்சி! இளவரசிய ஜெயில்ல போடுவாங்கல்ல, அப்ப இதான் குடுப்பாங்க!" கிண்ணம் காலியாகக் காலியாக அவர்களே வந்து நிரப்பினார்கள். கல்யாணப் பந்திபோல இருக்கவே ஆம்ப்ரோஸுக்கு ஓட்டல் மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதை சுஷி வரும் வரைதான். நீளமான மரப்பலகையில், விரல் நீளச் சோற்று உருண்டைகள் மேல் ஆரஞ்சு நிறத்திலும் வெள்ளை நிறத்திலும் மீன் துண்டுகள் பளபளவென்று படுத்திருந்தன.

"பச்ச மீனா?" என்றார் ஆம்ப்ரோஸ். "பார்சல் கட்டச் சொல்லு, வூட்டுக்குப் போய் கொழம்பு வெச்சிக்கலாம்."

"டாடி!"

டீச்சர் யோசிக்கவே இல்லை. ஒன்றை எடுத்துச் சாஸில் தொட்டு வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். லேசான புளிப்போடு சோறு, அதன் மேல் வெண்ணெய்போல வழுக்கும் மீன். நொச்சிக்குப்பத்தில் அப்போதுதான் வலையிலிருந்து கொட்டிய மீன் பக்கத்தில் நின்றால் வருமே, அந்தச் சுத்தமான கடல் வாசனை நாக்கிலேயே வந்தது. "ஐயோ, நல்லாருக்குங்க!" என்றார். ஆம்ப்ரோஸ் அரை மனதோடு ஒன்றை எடுத்தார். அப்புறம் அடுத்ததை எடுத்தார். அடுத்ததையும் எடுத்தார்.

பலகை காலியாகிக்கொண்டே வந்தது. டீச்சருக்குச் சந்தோஷமும் தவிப்பும் ஒன்றாகப் பிடுங்கித் தின்றன. பில் வந்துவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான். பேசாமல் வீடு திரும்பினால் ஆயுசுக்கும் தான் டேப்லெட்டோடு பேசுகிற பொம்பளைதான்.

"போய்ப் பேசேன்," என்று ஆம்ப்ரோஸ் சீண்டினார். "இன்னா, ஸ்டாக் தீந்துபோச்சா?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் கல்லாவை விட்டு எழுந்தார். மேஜை மேஜையாக நின்று விசாரித்துக்கொண்டு வந்தார். பக்கத்து மேஜை. அடுத்தது இவர்களுடையது. டீச்சர் பதறியடித்து எழுந்தார். பட்டு முந்தானை கிண்ணத்தைத் தட்டியது. கறுப்பு சோயா சாஸ் மொத்தமும் அந்த வெண்ணெய் நிறக் கவுன் மேல் போய் விழுந்தது.

டீச்சர் ஆடிப்போனார். ஆனால் வாய் ஆடிப்போகவில்லை. அரண்மனையில் தப்பு செய்தவர்கள் சொல்கிற மன்னிப்பு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கீழே ஓடும் எழுத்தில் அதற்கு எப்போதும் 'மன்னித்தருள வேண்டும்' என்றுதான் போடுவார்கள். மேஜையில் நெற்றி படும்படி குனிந்தார்.

"சுக்யோ ஜுஷியொப்சொசோ!"

அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். "நே?" என்றார்.

சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார் டீச்சர். மூன்றாம் வகுப்பில் பின் பெஞ்சுக்குக் கேட்காவிட்டால் செய்வதையே செய்தார். இன்னும் உரக்க, எழுத்தெழுத்தாக, வாசகம் வாசிக்கிற குரலில் மறுபடி சொன்னார். ஓட்டல் மொத்தமும் திரும்பியது. ஓரத்து மேஜையில் ஒரு கொரியருடைய கையிலிருந்து சாப்பாட்டுக் குச்சி நழுவியது.

"என்ன சொல்லிட்டாங்க?" என்று ஜெசிகா, ஓடிவந்த லின்தோயிடம் கிசுகிசுத்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"'என்னைக் கொன்னுடுங்க'ன்னு சொல்றாங்க அக்கா," என்றாள் லின்தோய். "ராஜாகிட்ட சொல்வாங்கல்ல, அது."

டீச்சருக்குத் தமிழும் புரிந்தது, நடந்ததும் புரிந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. நிமிரவே தைரியம் இல்லை.

அப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் கவுன் சரசரத்தது. அந்த அம்மாள் சாஸ் சொட்டச் சொட்ட இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, டீச்சரைவிடத் தாழ்வாகக் குனிந்தார். நடுங்கும் குரலில், அரண்மனைத் தாதி அலறுவதுபோலவே அலறினார்.

"சுங்ஜொன் மாமா! அனி தேயொம்னிதா!"

டீச்சர் சட்டென்று நிமிர்ந்தார். எத்தனை ராத்திரி கேட்ட வசனம்! ராணி உயிரை விடத் துணியும்போது தாதி காலில் விழுந்து சொல்வது: மகாராணி, அப்படிச் சொல்லலாகாது! இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த அம்மாள் வெடித்துச் சிரித்தார். கண்ணில் நீர் வழிய, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓரத்து மேஜைக் கொரியர்கள் கைதட்டினார்கள். டீச்சருக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரிப்புக்கு நடுவே இருவரும் மாற்றி மாற்றிக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு அந்த அம்மாள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏதோ சொன்னார். பாதி டீச்சருக்கே புரிந்தது. மீதியை லின்தோய் சொன்னாள். "நீங்க பேசறது ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின கொரியனாம் ஆன்ட்டி. இப்ப அங்க யாரும் இப்படிப் பேசறதில்லயாம்."

"பாண்டி பஜார்ல ஒரு வெள்ளக்காரர் வந்து, 'வணிகரே, இப்பட்டின் விலை யாதோ'ன்னு கேட்ட மாதிரி," என்றாள் ஜெசிகா. இப்போது அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஒரு வார்த்த விடாம புரிஞ்சிச்சாம்," என்று முடித்தாள் லின்தோய். "வாசல்ல என்கிட்ட சொன்னதும் கல்லாவுல கேட்டுச்சாம். யாரோ ராணி வந்துட்டாங்கன்னு நெனச்சாங்களாம்."

ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. டீச்சர் அதை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறந்தநாள் அன்று இப்படி அழக்கூடாது என்று தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

ஆம்ப்ரோஸ் மெல்ல லின்தோயைக் கேட்டார். "அதெல்லாம் சரிம்மா. பொம்பளயப் போய் மாமான்றாங்களே, அது இன்னா?"

"மாமான்னா அங்க மகாராணிக்குக் குடுக்கற மரியாதை, அங்கிள். பட்டத்துக்குப் பின்னாடி சேத்துச் சொல்வாங்க."

ஆம்ப்ரோஸ் தலையாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் அவரே சாலையில் இறங்கி ஓர் ஆட்டோவை நிறுத்தினார். ஜெசிகா முதலில் ஏறினாள். டீச்சர் முந்தானையில் பட்ட சாஸைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமினார். இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, தொந்தி இடம் கொடுத்த அளவுக்குக் குனிந்தார்.

"ஏறுங்க மாமா," என்றார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சர் தலையை நிமிர்த்தி, பட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அவசரமே இல்லாமல் ஏறி உட்கார்ந்தார்.