பிரேக் இல்லாத படகு

போன ஞாயிற்றுக்கிழமை தூது போனேன். தொப்பூர் கணவாயை ஒட்டியிருக்கும் நண்பர் மாதையன் வீட்டுக்கு.

அவர் மகள் கலைவாணிக்கு முப்பத்தோரு வயது. கொச்சியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக் கொடுக்கிறார். அடுத்த மாதம் ஒரு சின்னப் படகில், தன்னந்தனியாக, உலகத்தைச் சுற்றிவரத் திட்டம். பத்து வருடக் கனவு. படகு தயார்... அப்பா மட்டும் தயாரில்லை. அவர் மனதாரச் சரி என்று சொன்னால்தான் கிளம்புவேன் என்று மகளும் பிடிவாதம். மகளும் கொச்சியிலிருந்து வந்திருந்தார்; அவருக்காகப் பேசத்தான் என் தூது.

தூதுவனின் லட்சணம் என்ன தெரியுமா? ஒகேனக்கல் பரிசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு போய்வந்தவன்! இருந்தாலும், பெண்களின் வீரம் பற்றி ஒரு உரையே தயாரித்திருந்தேன்.

வாயைத் திறக்க விட்டால்தானே!

மாதையன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். டீசல் மிச்சம் பிடிக்கக் கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் கிடந்த வண்டிகளை நிறையப் பார்த்தவர்.

"ஏம்மா, அலை வூடு ஒசரம் வரும்னு நீயே சொல்ற. ஏறினா எறங்கித்தானே ஆகணும்? எறக்கத்துல பிரேக்குக்கு என்ன பண்ணுவ?"

அட, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லையே!

"படகுல பிரேக்கே கெடையாதுங்கப்பா" என்றார் கலைவாணி.

போச்சு, காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

"நீளமான கயித்துல துணிக் கூம்புங்களக் கோத்து, பின்னாடி தண்ணியில உட்ருவோம். அது இழுத்துப் புடிக்கும். படகு தலைகுப்புறப் பாயாது, நெதானமா எறங்கும்."

மாதையன் எழுந்தே விட்டார். "அட, செகண்ட் கியர்ல எறக்கறாப்பல!"

"அதேதானுங்கப்பா."

"கயிறு அறுந்துட்டா?"

"இன்னொரு செட் இருக்குதுங்க."

"அலை வந்தப்புறம் உடுவியா, முன்னாடியேவா?"

"முன்னாடியே. எறக்கத்துல வந்து கியர் மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

அவ்வளவுதான். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான் — சொல்ல என்ன வெட்கம்?

"மாதம்மா... பாப்பா அடுத்த மாசம் கெளம்புது!" என்று சமையலறையில் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். தைரியத்தைக் காட்டினால் வீட்டில் சம்மதித்துவிடுவார்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தானே பெற்றவர்களுக்குப் பயமே!