சேனாதிபதி வீட்டுப் பூகம்பம்

பெயர் என்னவோ சேனாதிபதி. ஆனால் கொடைக்கானலில் அவரைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஏரிக்கரையில் இருந்த ஒரு ஹோட்டலில் அவர் தலைமை பட்லர். தளும்பத் தளும்பச் சூப்பை ஊற்றிக் கொடுத்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் கடைசி மேஜை வரை கொண்டுபோவார். அதே மனிதர் வீட்டுக்கு வந்துவிட்டால் பல்லி கத்தினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தபாலாபீஸ் எதிரே மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். என் மைக்கூட்டில் பாதி அவருக்காகவே காலியானது. அதில் ஒரு மனு அவர் மானத்தையும் என் மானத்தையும் சேர்த்து வாங்கியது.

பூகம்பப் பயம் அவருக்கு ஹோட்டலில்தான் பிடித்தது. ஐம்பத்தொன்றாம் வருஷம் அசாம் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீசனுக்கு வந்து தங்கினார். முந்தின வருஷம் அங்கே பூமி ஆடி, தன் பங்களா சீட்டுக்கட்டு வீடாய்ச் சரிந்ததைத் தினமும் சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்கிறார். துரை கிளம்பிப் போய்விட்டார். பயம் சேனாதிபதியிடம் தங்கிவிட்டது.

அப்போது அவர் மூஞ்சிக்கல் சரிவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கல்லும் மண்ணும் வைத்து எழுப்பிய சுவர், தகரக் கூரை. இருபது வருஷம் தட்டேந்திச் சேர்த்த வீடு. பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அமானுல்லா, மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகவும் இருந்தார். அவர் தீ பாலிசியை நீட்டினார்.

"தீப்பிடிச்சா குடுப்பீங்க. பூமி ஆடுனா?" என்று கேட்டார் சேனாதிபதி.

"நம்மது கல்லு மலைண்ணே. அது எங்க ஆடப்போகுது?"

"ஆடுனா?"

"ஆடுனா இந்தப் பாலிசில சல்லிக்காசு வராது. அதுக்குத் தனியா ஒரு சீட்டு ஒட்டணும், வருசா வருசம் கொஞ்சம் கூடக் கட்டணும். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

சேனாதிபதி கேட்டார். சீட்டும் வந்தது, இங்கிலீஷில். நான்தான் படித்துச் சொன்னேன். பூகம்பத்தால் வீட்டுக்குச் சேதம் வந்தால் கம்பெனி கொடுக்கும். முதலில் ஒரு சிறு பங்கை வீட்டுக்காரர் தாங்கிக்கொள்ள வேண்டும். வெளிமதில் சேராது. மழையில் மண் சரிந்தால் சேராது. எவனாவது வேட்டு வைத்து விழுந்தாலும் சேராது. சேதமான பதினைந்து நாளுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். இவ்வளவையும் அவர் கந்த சஷ்டிக் கவசம் போல மனப்பாடம் செய்துவிட்டார். அதோடு, பூமி ஆடினால் தெரியட்டும் என்று மேஜைமேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஊர்ல எல்லாரும் நிலத்துக்குத் தீர்வை கட்டுறாக. எங்க வீட்டுக்காரரு அது ஆடாம இருக்கவும் கட்டுறாரு" என்பார் அவர் மனைவி பாப்பம்மாள்.

ஐம்பத்தெட்டில் எங்கள் தெருவுக்கு மேலே ரோடு போடப் பாறை உடைத்தார்கள். தினமும் நாலு மணிக்கு ஊதல் ஊதும், பிறகு வேட்டு. வீட்டுக்கு வீடு சமையலறைச் சுவரில் பாத்திரப் பலகை உண்டு. ஊதல் கேட்டதும் பெண்கள் ஓடிப்போய்ப் பலகையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வார்கள். வேட்டு அடங்கியதும் விட்டுவிட்டு அரிசி களையப் போவார்கள். இரண்டே மாதத்தில் அது பல் விளக்குவது போல ஒரு பழக்கமாகிவிட்டது.

ஆடி மாதம் ஒருநாள், நாலடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில், கடமுடவென்று ஒரு சத்தம். வீடு குலுங்கியது. சேனாதிபதி வீட்டில்தான் இருந்தார். தம்ளர் தண்ணீரைச் சற்றுமுன்தான் தாகத்துக்குக் குடித்திருந்தார்.

"ஊதாமலே வேட்டு வச்சுட்டான் பாவி! பாப்பு, பலகையப் பிடி!" என்று கத்தினார். பாப்பம்மாள் ஓடிப்போய்ப் பிடித்தார். ஒரு கிண்ணம்கூட விழவில்லை. பலகைக்கு மேலே சுவரின் தலைப்பாகம் மட்டும் பிளந்து, கற்கள் வெளியே அவரைக்காய்ப் பந்தலில் போய் விழுந்தன.

மறுநாள் வெள்ளனே சேனாதிபதி என் முன்னால் வந்து நின்றார். நானும் விடவில்லை. "ஊதலும் ஊதாமல், நேரமும் பாராமல் வேட்டு வைத்த ஈவிரக்கமற்ற பாதகர்கள்" என்று பொழிந்து தள்ளினேன். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். நகல் வைத்தால்தான் மனுவுக்கு மரியாதை என்பது சேனாதிபதியின் கொள்கை. கலெக்டருக்கு ஒன்று, பஞ்சாயத்துக்கு ஒன்று, இருக்கட்டுமே என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒன்று.

பத்தாம் நாள், வேட்டுக்கார மேஸ்திரி வேலப்பன் பன்னிரண்டு ஆட்களோடு தபாலாபீஸ் எதிரே வந்து நின்றார். எல்லாரும் பழனிப் பக்கத்துப் பாலசமுத்திரத்துக்காரர்கள். எல்லாருமே மொட்டை.

"ஐயா, நீங்க எழுதுன தேதி ஆடிக் கிருத்திகை" என்றார் வேலப்பன். "நாங்க அத்தன பேரும் முதநாளே குறுக்குப் பாதையில எறங்கிப் பழனி போயி முடி எறக்கிட்டோம். அன்னைக்கு இங்க வேட்டு வச்சது யாரு? முருகனா?"

என் பேனா காதிலிருந்து கீழே விழுந்தது. பக்கத்தில் நின்ற சேனாதிபதியின் முகத்தில் ஒரு வெளிச்சம் மெதுவாக ஏறியது. உடனே அப்சர்வேட்டரிக்கு நடையைக் கட்டினார். பூமி ஆடினால் கோடு போடும் ஊசி ஒன்று அங்கே உண்டு. கிருத்திகை அன்று மூன்று ஐம்பதுக்கு அது துள்ளியிருந்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி ஓடிவந்தார்.

"வந்துருச்சு ரைட்டரய்யா! பூகம்பம் வந்துருச்சு!"

ஏழு வருஷம் இவர் வாசலைப் பார்த்துக் காத்திருந்த விருந்தாளி. வந்தபோது அடையாளம் தெரியாமல் ஏசி அனுப்பியிருக்கிறார்.

அமானுல்லா தலையில் கை வைத்துக்கொண்டார். "நாப்பது கையெழுத்து வாங்கி, இது வேட்டேதான்னு கம்பெனிக்கே எழுதிட்டீங்களேண்ணே. இன்னும் அஞ்சு நாள்தான் கெடக்கு. வேட்டு வைக்கலேன்னு வேட்டுக்காரரே எழுதிக் குடுத்தாத்தான் உண்டு."

ஐப்பசி மழைக்குள் அந்தச் சுவர் எழும்பாவிட்டால் கூரையும் கூடவே இறங்கிவிடும். சேனாதிபதியின் கையிருப்போ சாப்பாட்டுக்கே சரியாக இருந்தது. ஆகவே பிளம்ஸ் ஜாம் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு நானும் அவரும் வேலப்பன் கொட்டகைக்குப் போனோம்.

"மனுவுல எங்கள என்னன்னு எழுதியிருந்துச்சு?" என்றார் வேலப்பன், ஜாமைத் தொடாமல்.

"பாதகர்கள்னு" என்றார் சேனாதிபதி. "அது இவரு போட்ட வார்த்தை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் பொய்யென்று எப்படிச் சொல்வது? மொட்டைகள் எல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. பிறகு பன்னிரண்டு கைநாட்டும் வேலப்பன் கையெழுத்தும் கிடைத்தன. ஜாம் பாட்டிலும் அங்கேயே நின்றுவிட்டது. பதினாலாம் நாள் காகிதங்கள் மதுரை போய்ச் சேர்ந்தன.

கம்பெனி சர்வேயர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். ஊசிக் கணக்கைப் படித்தார், கைநாட்டுகளை எண்ணினார், சுவரை நாடாவால் அளந்தார். "பூகம்பம்தான். சுவருக்கு உண்டு. பந்தலுக்கு இல்லை" என்றார். அமானுல்லா மூச்சு விட்டார். சேனாதிபதிக்கு வாயெல்லாம் பல். சர்வேயர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த நேரத்தில் இந்த அறையில் யாராவது இருந்தீங்களா?"

"நான்தான்" என்றார் பாப்பம்மாள். எப்படி என்று காட்டவும் செய்தார். பலகையை இரண்டு கையாலும் அணைத்து, கன்னத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றார். அவர் தலைக்கு ஒரு சாண் மேலே பிளவு தொடங்கியது.

சர்வேயர் எழுதுவதை நிறுத்தினார். "கல் வெளிப்பக்கம் விழுந்திருக்கு. உள்பக்கம் விழுந்திருந்தா..." என்றவர் முடிக்கவில்லை.

சேனாதிபதி சுவரைப் பார்த்தார். பாப்பம்மாளைப் பார்த்தார். பலகையைப் பிடி என்று கத்தியது யார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அய்யா, அந்தச் சீட்டுல இவ உண்டா?" என்றார்.

"இல்லை. கட்டடம் மட்டும்தான்."

மனப்பாடமாகத் தெரிந்த பதில்தான் அது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அந்த மனிதரை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். அன்று என்னால் முடியவில்லை.

"என்னத்துக்கு இப்ப அழுறீங்க? ஒரு கிண்ணமாச்சும் விழுந்துச்சா?" என்று அதட்டினார் பாப்பம்மாள்.

புரட்டாசியில் பணம் வந்தது. ஓய்வு நாட்களில் வேலப்பனே சுவரை எழுப்பிக் கொடுத்தார். பலகையை எங்கே அடிப்பது என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டார் சேனாதிபதி. பாத்திரமெல்லாம் தரைக்கு வந்துவிட்டன. குனிந்து குனிந்து இடுப்புப் போகிறதென்று பாப்பம்மாள் இன்றுவரை திட்டுகிறார்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷம் வேட்டு வைத்தார்கள். நாலு மணி ஊதலுக்குத் தெருப் பெண்கள் எல்லாம் பலகையைப் பிடிக்க உள்ளே ஓடுவார்கள். சேனாதிபதி வீட்டில் இருக்கும் நாளானால், பாப்பம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவருவார்.

"விடுங்க, தெருவே பாக்குது. உள்ள பாத்திரம் உருளுது" என்பார் அவர்.

"உருளட்டும்" என்பார் சேனாதிபதி. வேட்டு அடங்கிய பிறகும் கையை விடமாட்டார்.