வாளைக் கருவாட்டு மாலை

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தேன். அந்த ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிறவன் மக்ரூன் வாங்கிக்கொண்டு வருவதுதான் முறை. நான் முறை தவறி மார்க்கெட்டுக்குள் நுழைந்து வாளைக் கருவாடு வாங்கிவிட்டேன். கடைக்காரர் செய்தித்தாளில் மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். வாளைக் கருவாட்டை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது தன் பேச்சைப் பேசிக்கொண்டுதான் வரும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை ஓரமாக ஒதுங்கினேன். எதிரே சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஓரம் இன்னும் கிழியவில்லை. யாரோ ஒரு பெரியவர். வழுக்கை, கண்ணாடி, நரைத்த மீசை. முகம் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்தக் கழுத்து இருக்கிறதே, தூணை அறுத்து வைத்தது போல, அதை எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன். பெயரைப் படித்தேன். செண்பகராமன். துறைமுக ஊழியர், ஓய்வு.

"செத்துட்டியால?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

வருத்தம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். இத்தனை வருஷமும் அந்தக் கழுத்தை இதே ஊரில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். நான்தான் பிழைப்புக்காக ஊர் ஊராக அலைந்து தெரியாமல் போய்விட்டேன். தெரிந்திருந்தால் அடுத்த ரயிலிலேயே வந்திருப்பேன். கையில் கருவாடு வேறு இருக்கிறது. அவனைப் பார்க்கக் கருவாட்டோடு ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. உடம்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வாடைக்காற்றுக் காலத்தில் சட்டைப் பையில் கல் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். ஆனால் ஓடுவேன். எதற்கு ஓடுகிறேன் என்று யோசிப்பதெல்லாம் ஓடி முடித்த பிறகுதான். இந்த ஒரு தகுதியில் கல்லூரிக் கால்பந்து அணியில் வலது விங் எனக்குக் கிடைத்தது.

எங்கள் ஃபார்வர்டு ஐந்து பேருமே இப்படித்தான். எல்லாரும் ஹாஸ்டல் பையன்கள், சாத்தான்குளம், நாசரேத் பக்கம். பந்தைக் காலில் கட்டிப்போட்டது போல ஓட்டுவோம். பெனால்டி ஏரியாவுக்குள் நுழைந்தால் போதும், எவனாவது தோளால் ஒரு தட்டுத் தட்டுவான், உப்பளத்துப் பாத்தியில் கால் வழுக்கிய மாதிரி உட்கார்ந்துவிடுவோம். ஐந்து பேரையும் சேர்த்துத் தராசில் ஏற்றினாலும் ஒரு உப்பு மூட்டை தேறாது.

பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், பகை தனி ஆளோடுதான். அவர்கள் மைதானத்தில் ஆடப் போனோம். எத்தனை கோல் வாங்கினோம் என்பதையும் சொல்ல மாட்டேன், வாங்கியவனுக்குத் தெரியும். அவர்களுடைய நடு பேக் செண்பகராமன். பந்தை அவன் பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. என்னைத்தான் பார்த்தான். நான் விழுவேன், எழுவேன், அவன் நெஞ்சு எதிரே நிற்கும், மறுபடியும் விழுவேன். அதுகூடப் பரவாயில்லை. ஆட்டம் முடிந்து கைகொடுக்க வரிசையாக நின்றபோது ஒரு மாலையோடு வந்தான். பனை நாரில் கோத்த வாளைக் கருவாட்டு மாலை. முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறான் பாருங்கள், அந்தத் திமிரை. நேராக வந்து என் கழுத்தில் போட்டான்.

"ஏலே தூத்துக்குடி, பந்து ஒங்களுக்கு ஆவாது. ஊருக்குப் போயி இதக் காயப்போடுங்கலே."

மைதானமே சிரித்தது. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூக்கைப் பொத்தாமல் சிரித்திருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க நாற்றம். "அதத் தூக்கி எறில, சனியன" என்றான் கேப்டன். "எறிய மாட்டேன். இது அவன் கழுத்துக்குத்தான் போவும்" என்றேன். கண்டக்டர் என்னைக் கடைசி சீட்டில் ஜன்னலோரம் தள்ளி, கையை வெளியே நீட்டிக்கொண்டே வரச் சொன்னார். தெய்வச்செயல்புரம் தாண்டும்போது தோள் கழன்றுவிடும் போல இருந்தது. ஹாஸ்டலுக்கு வந்ததும் ஒரு பிஸ்கட் டின்னில் கல்லுப்புப் போட்டு, மாலையை வளைத்து வைத்து, மேலே இன்னும் உப்புப் போட்டு மூடினேன். உப்புக்கு அந்த ஊரில் பஞ்சமா? தினமும் காலையில் மூடியைத் திறந்து, உப்பைக் கிளறாமல் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பேன். சிலர் அந்த நேரத்தில் வேதம் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அறைத் தோழன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். வார்டன் மூக்கை விடைத்துக்கொண்டு வருவார், எங்கிருந்து என்று தெரியாமல் திரும்பிப் போவார்.

வஞ்சம் இருந்தால் மூளை வேலை செய்யும். வகுப்பில் கரும்பலகை காலியாக இருந்த ஒரு மத்தியானம், ஐந்து வட்டம் போட்டு எங்கள் முன்வரிசையை வரைந்தேன். நடு இரண்டு வட்டத்தை அழித்துப் பெரிதாகப் போட்டேன். விஷயம் அவ்வளவுதான். நடுவில் இடித்தால் விழாத இரண்டு பேர் நின்றால், செண்பகராமன் அவர்களை விட்டு நகர முடியாது. அவன் நகராவிட்டால் ஓரம் முழுக்க எனக்குச் சொந்தம். பி.டி. மாஸ்டர் பலகையைப் பார்த்துவிட்டு, "கால்பந்துன்னா கால்ல ஆடணும்டே. நீ தோள்ல ஆடச் சொல்லுத. அப்படி ரெண்டு மாட்டுக்கு எங்கன போவ?" என்றார்.

ஒரு மாட்டுக்காவது போக வேண்டிய இடம் எனக்குத் தெரியும். பி.ஏ. பொருளாதாரத்தில் மிக்கேல் என்று ஒருவன் இருந்தான். கடற்கரைத் தெருக்காரன். சில வருஷம் கடலில் சங்கு குளித்துவிட்டுத் தாமதமாகக் கல்லூரிக்கு வந்தவன், கல்யாணமும் ஆகிவிட்டது. பெஞ்சில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் அடுத்த பெஞ்சுக்குப் போவார்கள், இடம் இருக்காது. அவன் பக்கத்திலேயே எப்போதும் சூசை. மிக்கேல் மனைவியின் தம்பி, அதே வகுப்பு. லீவு விட்டால் இரண்டு பேரும் இன்னும் கடலுக்குப் போவார்கள். மிக்கேல் கயிற்றோடு முங்குவான், மேலே தோணியில் சூசை கயிற்றைப் பிடித்திருப்பான். குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது மச்சினன்தான் என்பது அங்கே முத்துக் குளித்த காலத்திலிருந்து வழக்கம். கூடப் பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு உண்டு, கை தளர்ந்தாலும் தளரும். மச்சினன் கயிற்றை விட்டால் தாலியறுப்பது அவன் அக்காள் அல்லவா? அதனால் அவன் கண் கயிற்றை விட்டு நகராது.

மிக்கேலிடம் கேட்டேன். "எனக்கு ஆசதான். வீட்டுல கேளு" என்று கையை விரித்துவிட்டான். சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி செசிலி மீன் அரிந்துகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"பந்து வெளையாடுதேன்னு எங்க வீட்டாளு கால ஒடிச்சுக்கிட்டா, கடல்ல நீங்களா எறங்குவீங்க?"

"எனக்கு நீச்சலே தெரியாது மதினி."

சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தம்பி பின்னால நிப்பானா?" என்றாள்.

"அவனையும் சேத்துத்தான் கேக்க வந்தேன்." அந்த நிமிஷம்தான் எனக்கே அது தோன்றியது.

"அப்பம் போவட்டும். ஏலே சூசை, இங்க பாரு. கண்ண மச்சான விட்டு எடுக்காத. பந்து எங்க வேணும்னாலும் போவட்டும்."

அன்றைக்கு இந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கவில்லை.

முதல் நாள் பயிற்சியிலேயே அணி வேறு அணியாகிவிட்டது. மிக்கேலுக்குப் பந்தை உதைக்கத் தெரியாது. ஆனால் நிற்பான். மூச்சை ஒரு தடவை இழுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கோலுக்கு முதுகு காட்டிக் கூட்டத்துக்குள் இறங்குவான். கடலுக்குள் போகிற மாதிரியேதான். எங்கள் பேக்குகள் இரண்டு பேர் அவன் முதுகில் தொங்குவார்கள். பின்னால் சூசை நின்று "வலது!" என்று கத்தினால் வலப்பக்கம் தட்டுவான். அங்கே நான் இருப்பேன்! என்னைத் தள்ள ஆளே இல்லை! வாழ்க்கையில் முதல்முறையாகப் பந்தோடு நின்று யோசிக்க எனக்கு நேரம் கிடைத்தது. என்ன யோசிப்பதென்று தெரியாமல் முதல் இரண்டு நாள் பந்தை வெளியே அடித்தேன். பின்னால் நின்றவர்களுக்கும் தெம்பு வந்துவிட்டது. எங்கள் கோலி கம்பத்தில் சாய்ந்துகொண்டு கடலை தின்ன ஆரம்பித்தான். பி.டி. மாஸ்டர் தோளில் மாட்டி வரும் டிஞ்சர் பையை அறையிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அவர்கள் எங்கள் மைதானத்துக்கு வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு. இதை ஏன் இடையில் சொல்கிறேன் என்றால், அதைப் போல ஒரு குழம்பை நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை. சமையல்காரர் பொன்னையா அண்ணாச்சியிடம் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன்.

ஆட்டத்தன்று எங்கள் மைதானம் வெள்ளையாக இருந்தது. உப்பளத்துக் காற்று. கண்ணைத் திறந்தால் கரிக்கும். பழகியவனுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கினார்கள். செண்பகராமன் என்னைப் பார்த்ததும், "மாலை காஞ்சுட்டால?" என்றான். பிஸ்கட் டின் மாஸ்டர் நாற்காலிக்குக் கீழே இருந்தது.

மிக்கேல் மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினான். செண்பகராமன் இடித்தான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இடித்தான். மிக்கேல் திரும்பி, "கூட்டமா இருக்குல்லா" என்று சமாதானம் சொல்வது போலச் சொன்னான். அந்தப் பெரிய முகத்தில் குழப்பம் வந்ததைப் பார்த்தேன். அப்பா! அந்த ஒரு முகத்துக்காகத் தோள் கழன்றாலும் தகும். ஆனாலும் கோல் விழவில்லை. அவர்களுடைய கோலி குரங்கு மாதிரி தாவினான். முடியப்போகிற நேரம் வந்துவிட்டது.

அப்போது செண்பகராமன் பொறுமை இழந்தான். பந்து வரும் முன்பே பின்னாலிருந்து மிக்கேலின் இரண்டு காலையும் வாரிவிட்டான். மிக்கேல் மண்ணில் மூக்குக் குப்புற விழுந்தான். பந்து உருண்டு சூசையின் காலடியில் வந்து நின்றது. பந்துக்குத் தாவிய கோலி தரையில் கிடக்கிறான். எதிரே கோல் திறந்த வீடு. ரெஃப்ரி விசில் ஊதவில்லை. ஊரே "அடில! அடில!" என்று கத்துகிறது.

சூசை பந்தைப் பார்க்கவே இல்லை. அதைத் தாண்டி ஓடினான். மச்சானின் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து, தோணிக்குள் இழுத்துப் போடுவது போல இழுத்தான். "மச்சான்! மச்சான்! மூச்ச விடு!"

"மூச்சு விட்டுக்கிட்டுதாம்ல இருக்கேன். விடுல என்ன! பந்து எங்கல?"

"பந்த யாருல பாத்தா?"

கோல் எதிரே இருக்கும்போது பந்தை அப்படியே போட்டுவிட்டுப் போகிற மனிதனைச் செண்பகராமன் பார்த்ததில்லை. விசில் ஊதிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டான். "நான் தொடவே இல்ல சார்!" என்று ரெஃப்ரியிடம் போனான். கோலியும் எழுந்து கூடவே போனான். மற்ற பேக்குகள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். பந்து தனியாக, தாயில்லாப் பிள்ளை போலக் கிடந்தது. நான் ஓரத்திலிருந்து ஓடினேன். இந்த ஒரு தடவை எதற்கு ஓடுகிறேன் என்று தெரிந்தே ஓடினேன். மெதுவாகத்தான் தட்டினேன். வலையில் போய் விழுந்தது. ரெஃப்ரி அப்போதுதான் விசில் ஊதினார், கோல் என்று.

இனி மாலை. ஆட்டம் முடிந்து கைகொடுக்க வரிசை நின்றது. டின்னைத் தூக்கிக்கொண்டு செண்பகராமன் முன்னால் போனேன். ஊர் சுற்றி நின்றது. அந்தக் கழுத்தை ஒரு தடவை ஆசைதீரப் பார்த்துக்கொண்டு மூடியைத் திறந்தேன்.

உப்பு இருந்தது. உப்பைக் கிளறினால், நாற்றம் போகாத பனை நார் இருந்தது. கருவாட்டைக் காணோம்.

அவன் எட்டிப் பார்த்தான். தோற்ற முகம் மெல்ல விரிந்தது. "என்னலே, மாலையத் தின்னுட்டியா?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். கழுத்து சுத்தமாகப் போயிற்று.

ராத்திரிச் சாப்பாட்டில் பொன்னையா அண்ணாச்சியைப் பிடித்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நாறுதுன்னு வார்டன் கண்டுபிடிச்சுட்டாரு. குப்பையில போடச் சொன்னாரு. நல்ல வாளை, போட மனசு வருமா? நார உருவி டின்னுலயே வச்சுட்டுக் கொளம்புல போட்டேன். நீதான ரெண்டு தடவ வாங்கித் தின்ன!"

ஜெயித்தீர்களே, அது போதாதா என்று செசிலி மதினி அன்றைக்கே கேட்டாள். போதாது. கோல் கல்லூரிக்கு; மாலை எனக்கு.

இப்போது அந்த மைதானத்தில் கண்டெய்னர் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கோல் கம்பம் இருந்த இடம் எதுவென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹாஸ்டல் சமையல்கட்டு இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை. மிக்கேல் மகளோடு வெளிநாட்டில் இருக்கிறானாம். சூசையும் கூடவே போய்விட்டான், அது நான் எதிர்பார்த்ததுதான். மச்சினன் கயிறு பிடித்துச் சங்கு குளிக்கிற தோணி எதையும் நான் பார்க்கவில்லை. இத்தனையும் போனதை ஒருமாதிரி பொறுத்துக்கொண்டேன்.

போஸ்டருக்குக் கிட்டே போனேன். படத்தில் கழுத்தைச் சுற்றி ரோஜா மாலை அச்சடித்திருந்தார்கள். டீக்கடைக்காரர் என்னையும் கையிலிருந்த பொட்டலத்தையும் பார்த்தார்.

"அண்ணாச்சிக்குத் தெரிஞ்சவகளா?"

"ஆமா. ஒரு மாலை போட வேண்டியிருந்துச்சு."

"அடடா" என்றார் அவர். "நேத்தே எடுத்துட்டாங்களே."