வசந்தா பார்த்த முதல் வாத்து

போன ஞாயிறு காலை ஓக்லா பறவைகள் சரணாலயத்தில் வசந்தா ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள்... நாணலுக்குள் நின்ற நாரை ஒன்று எழுந்து பறந்தே போய்விட்டது!

பறவை பார்க்கிற இடத்தில் கத்தலாமா? கூடாதுதான். ஆனால் அன்று யாரும் அவளைத் திட்டவில்லை.

டெல்லி ஜனக்புரியில் என் பக்கத்து பிளாட் வசந்தா. மதுரைக்காரி. மத்திய அரசு வேலையிலிருந்து ரிடையர் ஆனவள். ஒரே மகள் பெங்களூரில். குளிர்காலம் வந்தால் ஞாயிறுதோறும் நாங்கள் ஆறு பேர் பைனாகுலரும் பிளாஸ்க் டீயுமாக யமுனைக்குக் கிளம்பிவிடுவோம். டெல்லிக் குளிருக்கு நாம் ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, இந்தக் குளிர்தான் இதம் என்று இமயமலை தாண்டி வாத்துகள் வருகின்றனவே!

வசந்தா சேர்ந்து மூன்று வருஷம். எங்கள் குழுத் தலைவர் சர்தார்ஜி எதைக் காட்டினாலும் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "ஆமா, ஆமா... அழகு!" என்பாள்.

நவம்பரில் மெட்ரோ ஸ்டேஷனில், கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் கால் வைத்து விழுந்தாள். நல்லவேளை, முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. கண் டாக்டரிடம் நான்தான் இழுத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை! ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன். "இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகு முதல் பயணம்... போன ஞாயிறு.

பனிமூட்டம் விலகி வெயில் எட்டிப் பார்த்த நேரம். "தேக்கியே பெஹன்ஜி, தேக்கியே!" என்று, பார்க்கச் சொல்லிக் கை நீட்டினார் சர்தார்ஜி. தண்ணீரில் வரித்தலை வாத்துகள். வசந்தா பைனாகுலரை உயர்த்தினாள்.

"ஆத்தீ! தலையில ரெண்டு கோடு இருக்குடீ! கறுப்பா, மை தீட்டுன மாதிரி!"

அதுதான் அந்தக் கூச்சல்.

"எப்பவும் இருக்குமே... போன வருஷமும் பார்த்தியே?" என்றேன்.

பைனாகுலரை இறக்காமலே சொன்னாள். "எங்க பார்த்தேன்? எனக்கு எல்லாமே வெள்ளைப் புகைதான். தெரியலைன்னு சொன்னா விட்டுட்டுப் போயிருவீகளோன்னு பயம். ஞாயித்துக்கிழமை வீட்ல தனியா என்னடி பண்றது?"

மூன்று குளிர்காலம் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்!

சர்தார்ஜிக்கு ஹிந்தியில் சொன்னேன். அவர் போய்த் தன் பெரிய டெலஸ்கோப்பை ஸ்டாண்டோடு தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தார். "அச்சா! ஃபிர் ஸே ஷுரு!" — மறுபடி முதலிலிருந்து. மூன்று வருஷத்துப் பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தார். ஊசிவால் வாத்து, நீர்க்காகம், நீலத் தாழைக்கோழி... ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஆத்தீ!" நாங்களும் வரிசையில் நின்று, எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்தோம்.

தெரியாததற்குத் தலையாட்டுவது வசந்தா மட்டுமா? டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து "இதோ பாருங்க" என்றால், நாம் எல்லோருமே "ஆமா டாக்டர்" தானே? "தெரியலை" என்று ஒருத்தி தைரியமாகச் சொல்லும்படி தோழிகள் நடந்துகொள்கிறோமா... அதை நான்தான் யோசிக்க வேண்டும்.

கிளம்பும்போது நல்ல வெயில். வசந்தா பைனாகுலரைக் கழற்றிவிட்டு என்னையே உற்றுப் பார்த்தாள்.

"ஏண்டி, உனக்கு எப்ப இத்தனை நரை வந்துச்சு?"

அந்த டாக்டர் இவ்வளவு நன்றாக ஆபரேஷன் செய்திருக்க வேண்டாம்!