வெள்ளைக் கழுதையின் தோளில் நாலு விரல்

லோ பிக் யீக்கு நாற்பத்தெட்டு வயது. க்வுன் டாங் ரயில் நிலையத்துக்கும் மலைமேல் இருக்கும் குடியிருப்புக்கும் நடுவே பச்சை மினிபஸ் ஓட்டுகிறவள். கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்று அவள் அழுததும் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி கனடாவில் இருக்கிறான், சீனப் புத்தாண்டுக்கு ஒரு போன் பண்ணுவான், அதையும் சில வருஷம் மறந்துவிடுவான். ஆக, தனக்கு மனுஷர்கள் என்று அவள் சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் ஆறே பேர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், வினி என்கிற ரிட்டயர்டு பாங்க்காரி வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில், ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்களே, அந்த ஆறு பேர்.

அவர்களைச் சேர்த்து வைத்தது ஒரு கழுதை. பாங்கோ கழுதை. அந்த ஊரில் பாங்கோவைத் தெரியாதவர்கள் கிடையாது. தபால்காரத் தொப்பி போட்ட கறுப்பு வெள்ளை கார்ட்டூன் கழுதை, எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உதை வாங்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து எல்லோரும் பார்த்ததுதான். பின்னாளில் உள்ளூர்ச் சிற்பி ஒருவர் அதற்குத் தொப்பை போட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம் வைத்து, வேலைக்குப் போய் அலுத்துப்போன ஆள் மாதிரி ஒரு ஜாண் உயரத்துக்கு வினைல் பிளாஸ்டிக்கில் வார்த்தார். ஆறு நிறத்தில் வந்தது. பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பதுபோல ஒவ்வொரு கழுதையும் முன்னால் நிற்கிற கழுதையின் தோளில் கை போட்டிருக்கும். 'பொம்மையா? குழந்தைக்கா?' என்று அந்த மேஜையில் யாராவது கேட்டால் கொலை விழும்.

ஏழாவது ஒன்று உண்டு. வெள்ளை. சாயம் போடுமுன் தொழிற்சாலையில் முதன்முதலாக வார்த்துப் பார்த்தது. உலகத்திலேயே அது ஒன்றுதான். அதை வைத்திருந்தவர் அதே மேஜைக்காரர், மார்க்கெட்டில் மீன் விற்கும் காம். வாயைத் திறந்தால் வசவுதான், ஆனால் அந்த வெள்ளையனைத் தொடுவதற்கு முன்னால் மூன்று தடவை கை கழுவுவார்.

போன ஜூன் கடைசியில் காமுக்கு இருதய ஆபரேஷன் என்றார்கள். அவர் நேராக யீயின் பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, மடியில் பெட்டியோடு சொன்னார்: "வீட்ல வச்சிட்டுப் போனா என் பொண்டாட்டி தூசி தட்டுறேன்னு ஆரம்பிச்சிடுவா. மத்த பசங்க கையில கொடுக்க எனக்குப் பைத்தியமா? நீதான் டிஷ்யூ யீ. நான் திரும்பி வர்ற வரைக்கும் நீ வச்சிரு."

டிஷ்யூ யீ! அது அவளுக்கு அவர்கள் வைத்த பெயர். எதை எடுத்தாலும் மெல்லிய தாளில் நாலு சுற்றுச் சுற்றித்தான் எடுப்பாள் என்பதால். வேறு எந்தப் பட்டமும் அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. அன்று சாயங்காலம் வரை வண்டி ஓட்டும்போதெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஹின் வந்தான். கூட்டத்திலேயே சின்னவன், முப்பத்தைந்து வயது, பெண்டாட்டியும் ஒரு கைக்குழந்தையும் உண்டு, நல்ல காமிரா வைத்திருப்பவன். யீயிடம் ஏற்கெனவே ஆறு நிறமும் இருந்தன, இப்போது வெள்ளையும் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம்: ஒரு வகையில் வந்தது எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் குடும்பப் படம் எடுத்தே ஆகவேண்டும். ஹின் ஏழையும் கண்ணாடி அலமாரிக்குள்ளேயே வரிசையாக நிறுத்தினான். வெள்ளையன் முன்னால், சிவப்பன் அவன் பின்னால், வெள்ளைத் தோளில் சிவப்புக் கை. படம் ஆஸ்பத்திரியில் இருந்த காமுக்குப் போனது. 'அழகன்டா என் பயல்' என்று பதில் வந்தது.

கிளம்பும்போது ஹின் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அக்கா, இப்பவே பிரிச்சு வச்சிடுங்க. சிவப்புப் பக்கத்துல வெள்ளை ஆகாது, சாயம் ஏறிக்கும்."

"எனக்கே சொல்லித் தர்றியாடா?"

அவளுக்குத் தெரியாததா? அந்த மேஜையில் முதல் பாடமே அதுதானே! சிவப்பு வினைல் வெள்ளையைத் தொட்டுக்கொண்டு நாள்கணக்கில் நின்றால் சாயம் உள்ளே இறங்கிவிடும், மேலே ஒட்டாது, உள்ளே ஊறும். கழுவினால் போகாது. தெரிந்தும், அலமாரிக் கதவைத் திறந்து கையை நீட்டியவள் பாதியிலேயே நிறுத்தினாள். உலகத்தில் ஒன்றே ஒன்று. எடுக்கும்போது நழுவினால்? தொட்டால்தானே வம்பு, நாளைக்கு நிதானமாக எடுப்போம் என்று கதவைச் சாத்தினாள். மறுநாள் டூட்டி மாறியது. அதற்கப்புறம் புயல் எச்சரிக்கை. அதற்கப்புறம் அலமாரி விளக்கில் ஏழு பேரும் வரிசையாக நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பிரிக்க மனசு வரவில்லை. தினமும் வேலையிலிருந்து வந்து அதன் எதிரில் உட்கார்ந்துதான் நூடுல்ஸ் சாப்பிட்டாள். மூன்று மாதம் இப்படியே போயிற்று. அத்தனை ஜாக்கிரதைக்காரி, தொடப் பயந்து தொடாமலே கெடுத்தாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை காமின் குரல் போனில் வந்தது. "நெஞ்சைக் கிழிச்சுத் தச்சு அனுப்பிட்டானுங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன். என் வெள்ளையனைக் கொண்டா."

அவள் அலமாரியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்பனை மெல்லப் பின்னால் நகர்த்தினாள். வெள்ளைத் தோளில் நாலு விரல். கார்ட்டூன் கைக்கு நாலே விரல்தானே, நாலும் ரத்தமாகப் பதிந்திருந்தன.

சோப்புத் தண்ணீர் போட்டாள், பல் பசை போட்டாள், அழிரப்பரால் தேய்த்தாள். அசையவில்லை.

பொம்மைக்கு இத்தனை பயமா என்று கேட்காதீர்கள். பயம் பொம்மைக்காக இல்லை. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் யூன் என்று ஒருவன் அந்த மேஜையில் இருந்தான். இரவல் வாங்கிய கழுதையில் நகக் கீறல் வைத்துவிட்டு, நான் இல்லை என்று சாதித்தான். காம் சொன்னது ஒரே வார்த்தை: "இவன் இனிமே இல்ல." அவ்வளவுதான், போன் குழுவிலிருந்து பெயர் போயிற்று, தெருவில் பார்த்தாலும் யாரும் முகம் கொடுக்கவில்லை. ஒரு மழை நாளில் யூன் நிறுத்தத்தில் நின்று கை காட்டியபோது, சீட் காலியாக இருந்தும் யீ வண்டியை நிறுத்தாமல் போனாள். அப்படிச் செய்தவள் அவள். அதனால்தான் தனக்கு என்ன நடக்கும் என்று அவளுக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்திருந்தது. திங்கள் முதல் சனி வரை சில்லறையும் சீட்டு எண்ணிக்கையும். ஞாயிறும் அப்படி ஆகிவிட்டால் அவளிடம் யார் பேசுவார்கள்?

இந்தக் கறைக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. முகப்பரு களிம்பைத் தடவி வெயிலில் வைத்தால் சாயம் வெளுக்கும். மருந்துக்கடைப் பெண் களிம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்கா ஆன்ட்டி? இந்த வயசுல பருவா? யாரு அந்த அதிர்ஷ்டசாலி?"

வேறு நாளாக இருந்தால் யீ பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பாள். அன்று பையை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அவள் வீட்டு ஜன்னலில் வெயில் விழுவதே பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரைதான். கூட வேலை பார்ப்பவனிடம் கெஞ்சி டூட்டி மாற்றிக்கொண்டாள். வெள்ளியும் சனியும் ஜன்னலின் உள்பக்கம் களிம்பு பூசிய கழுதையை வைத்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு, இமைக்காமல் காவல் இருந்தாள். மேகம் மறைத்தால் வானத்தைத் திட்டினாள். சாயங்கால டூட்டியில் சிவப்பு சிக்னலைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்றது. ஒரு கிழவர் இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் போய், "காது செத்துப் போச்சா உனக்கு?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை சிவப்பு ரோஸ் ஆயிற்று. ஞாயிறு மத்தியானம் களிம்பைத் துடைத்தபோது ரோஸும் போயிருந்தது. அப்பாடா என்று உயிர் வந்தது. கழுதையை வெளிச்சத்தில் திருப்பினாள், வந்த உயிர் திரும்பப் போயிற்று. இத்தனை வருஷத்தில் வெள்ளையன் யாருக்கும் தெரியாமல் யானைத்தந்த நிறத்துக்கு மங்கியிருந்தான். களிம்பு பட்ட இடம் மட்டும் பளீரென்று வெளுத்துவிட்டது. பழைய வெள்ளையில் புது வெள்ளையாக அதே நாலு விரல்.

மணி ஒன்றே முக்கால். அவள் நாலு சுற்றுச் சுற்றினாள், பிரித்தாள், பார்த்தாள், மறுபடி சுற்றினாள்.

மூன்று மணிக்கு ஆறாவது மாடியில் எல்லோரும் இருந்தார்கள். காம் பாதியாக இளைத்திருந்தார், வாய் மட்டும் அப்படியே இருந்தது. "என்ன எல்லாரும் கருமாதிக்கு வந்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க? நான் சாகலடா. வினி, அந்த டீயில கொஞ்சம் பாலையும் காட்டேன், கஞ்சம்!" பிறகு போய்க் கை கழுவிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தார். தாளை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார்.

காம் கழுதையைத் திருப்பினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

"இது என்ன?"

எல்லோரும் கழுதையின் தோளை எட்டிப் பார்த்தார்கள்.

"யீ. இது என்னன்னு கேக்குறேன்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் லிப்டில் நினைத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் வந்த வார்த்தை பொய்கூட இல்லை. "குடும்பப் படம் எடுத்தப்போ... ஹின்தான் நிறுத்தி வச்சான்."

ஆறு தலையும் ஹின் பக்கம் திரும்பின. ஹின் யீயைப் பார்த்தான். 'இப்பவே பிரிச்சு வச்சிடுங்க' என்று அவன் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது, அவன் கண்ணிலேயே தெரிந்தது. இதோ சொல்லப்போகிறான், தொலைந்தேன் என்று அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா அண்ணே," என்றான் ஹின். "நான்தான் சிவப்பை ஒட்டி வச்சேன். நானே வந்து பிரிக்கிறேன்னு சொல்லிட்டு மறந்துட்டேன். என் தப்பு."

"கழுதையைத் தொடத் தெரியாத நாய்க்குக் காமிரா ஒரு கேடா? எழுந்திரு. நீ இனிமே இல்ல."

ஹின் எழுந்து பையை எடுத்துக்கொண்டு போனான். டாய்லெட்டுக்குப் போகிறமாதிரி யீ பின்னாலேயே போனாள். லிப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்றது? எனக்கு வீட்ல ரெண்டு பேர் இருக்காங்கக்கா. உங்களுக்கு இந்த மேஜைதானே இருக்கு." லிப்ட் வந்தது. "போங்க, தேடுவாங்க."

நன்றியில் அவள் அழுதிருக்க வேண்டும். அழுதாளா? இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் மனசில் ஓடியது ஒன்றுதான்: இவனுக்குத் தெரியும். இன்றைக்கு இரக்கப்பட்டான், நாளைக்குப் பெண்டாட்டி திட்டினால், கோபம் வந்தால், ஒரு வார்த்தை போதுமே! வாரம் முழுக்கப் போன் அதிர்ந்தபோதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. ஹின் ஒரு செய்தி அனுப்பியிருந்தான், நல்லா இருக்கீங்களா அக்கா என்று. அதைத் திறக்கவே இல்லை. காமோ அவளிடம் இன்னும் அன்பாகிவிட்டார். "களிம்பெல்லாம் போட்டுக் காப்பாத்தப் பாத்திருக்கா பாரு, இவதான் மனுஷி" என்று அந்த வெளுத்த விரல்களைக் காட்டி எல்லோரிடமும் சொன்னார். அது அவளுக்கு வசவைவிட மோசமாக இருந்தது.

நாலாவது ஞாயிறு. வினி டீ போட்டுக்கொண்டே பேச்செடுத்தாள். "காம், அந்தப் பையன் பாவம்யா. தப்பை மறைக்காம ஒத்துக்கிட்டான். யூன் மாதிரி சாதிக்கல. கூப்பிட்டுக்கலாமே?"

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். காம் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் மனுஷர் இளகித்தான் போயிருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த நாய் இல்லாம படம் எடுக்கவும் ஆள் இல்ல. யீ சொல்லட்டும். அவ வீட்லதானே நடந்துச்சு, அவளுக்குத்தானே கெட்ட பேர் வர இருந்துச்சு."

வினி ஏற்கெனவே ஏழாவது கோப்பையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டாள். எல்லோரும் சிரித்த முகத்தோடு யீயைப் பார்த்தார்கள். சரி என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. ஹின் வந்து எதிரில் உட்காருவான், வாரா வாரம் உட்காருவான், ஒரு நாள் பேச்சுவாக்கில், சிரித்துக்கொண்டே, 'நான் அன்னைக்கே சொன்னேனே அக்கா' என்பான்.

"வேண்டாம்," என்றாள் பிக் யீ. "ஒரு தடவை கெடுத்தவன் மறுபடியும் கெடுப்பான்."

காம் தலையை ஆட்டினார். "சரி, யீ சொன்னா சரி." வினி அந்தக் கோப்பையை எடுத்துத் துடைத்து, திரும்பவும் அலமாரிக்குள் வைத்தாள்.